டைபூன் எச்சரிக்கையை எப்படி வாசிப்பது? கரையில் இருப்பவர்கள் எப்போது கிளம்ப வேண்டும்?

கடல்வாசி கேட்டது:

மேற்குப் பசிபிக்கில் பெரிய டைபூன் (அந்தக் கடலின் சூறாவளிப் புயல்) வரும்போதெல்லாம் எண்கள் குழப்புகின்றன. 2013-ல் பிலிப்பைன்ஸைத் தாக்கிய ஹையான் புயலின் உச்சக் காற்று வேகம் மணிக்கு 230 கி.மீ. என்கிறது ஜப்பான் வானிலை முகமை. அமெரிக்கப் படையின் புயல் எச்சரிக்கை மையமான ஜேடிடபிள்யூசி 315 என்கிறது. எதை எடுத்துக்கொள்வது? முன்கணிப்பு வரைபடத்தில் வட்டம் நாளுக்கு நாள் பெரிதாகிறதே, புயல் பருக்கிறது என்று அர்த்தமா? இதையெல்லாம் வைத்து, பிலிப்பைன்ஸ் கிழக்குக் கரை மாதிரி இடத்தில் மக்கள் கிளம்ப வேண்டிய நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

ஐசோபார்:

முதலில் வேகம். ஜப்பான் 10 நிமிடச் சராசரியைச் சொல்கிறது, ஜேடிடபிள்யூசி 1 நிமிடச் சராசரியை. கடலின் மேல் 1 நிமிட எண்ணை 0.93-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 10 நிமிட எண் வரும். 315-ஐ அப்படி மாற்றினாலும் 293 வருகிறது, 230 வரவில்லை. மீதி வித்தியாசம் மதிப்பிடும் முறையில் இருக்கிறது. அந்தக் கடலில் புயலுக்குள் விமானம் அனுப்பி வழக்கமாக அளப்பது 1987-லேயே நின்றுவிட்டது. இப்போது செயற்கைக்கோள் படத்தில் மேக அமைப்பைப் பார்த்து ஒரு எண் கொடுத்து, அதை அட்டவணை வைத்துக் காற்று வேகமாக மாற்றுகிறார்கள். இரு இடத்து அட்டவணையும் வேறு. அதனால் ஒரே நிறுவனத்தின் எண்ணைத் தொடர்ந்து பாருங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

வட்டம் புயலின் அளவு இல்லை. அந்த நேரத்தில் மையம் அந்த வட்டத்துக்குள் இருக்க 70 சதவீத வாய்ப்பு, அவ்வளவுதான். பத்தில் மூன்று முறை வெளியே போகும் என்றும் படிக்கலாம். நடுவில் ஓடும் கோட்டைப் பார்த்து "நம் ஊருக்கு 80 கி.மீ. தள்ளிப் போகிறது" என்று நிம்மதியாவதுதான் பெரிய தவறு.

இப்போது நேரம். மையம் எப்போது வரும் என்பது இரண்டாம் கேள்வி. மணிக்கு 54 கி.மீ. (விநாடிக்கு 15 மீட்டர்) காற்று எப்போது தொடும் என்பதே முதல் கேள்வி. அதற்கு முன்பே படகுகள் ஓடாது, தகரம் பறக்கும், ரோட்டில் மரம் விழும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 06 யுடிசி-யில் (உலகப் பொது நேரம் காலை 6 மணி) மையம் கிழக்கு 132.0 பாகையில், 12 யுடிசி-யில் 130.0-ல் இருக்கிறது. அந்த அட்சரேகையில் ஒரு பாகை 109 கி.மீ. அப்படியானால் 6 மணி நேரத்தில் 218 கி.மீ., மணிக்கு 36. கரைக்கு இன்னும் 470 கி.மீ., அந்த 54 கி.மீ. காற்று மையத்திலிருந்து 250 கி.மீ. வரை வீசுகிறது. 470-லிருந்து 250-ஐக் கழித்து 36-ஆல் வகுத்தால் 6 மணி நேரம்தான் இருக்கிறது. மையம் வர 13 மணி நேரம் என்பது ஏமாற்றும்.

இதிலும் கழிவு உண்டு. 12 யுடிசி நிலவரம் உங்கள் கைக்கு வர ஜப்பானிடமிருந்து ஒரு மணி நேரம் போல, ஜேடிடபிள்யூசி-யிடமிருந்து மூன்று மணி நேரம் போல ஆகும். 12 யுடிசி பிலிப்பைன்ஸில் இரவு 8 மணி. ஆக, கிளம்ப வேண்டிய கடைசி நேரம் அன்று சூரியன் மறையும் முன்பே முடிந்துவிட்டது. இருட்டில் மக்களை நகர்த்தத் திட்டமிடவே கூடாது.

வேகம் கணக்கிட அடுத்தடுத்த மணி நேரப் படங்களை எடுக்காதீர்கள். புயலின் கண் (நடுவில் உள்ள அமைதியான வட்டம்) அங்குமிங்கும் தள்ளாடும். 6 மணி நேர இடைவெளி எடுங்கள்.

அலைமானி:

ஐசோபார் சொன்ன கணக்கோடு இதையும் சேருங்கள், ஏனென்றால் ஹையானில் 6,300 பேருக்கு மேல் இறந்ததில் பெரும்பகுதி காற்றால் இல்லை, கடல் ஏறியதால்.

காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) குறைந்தால் கடல் மட்டம் சுமார் 1 செ.மீ. உயரும். ஹையானின் மைய அழுத்தம் 895-ஐ வழக்கமான 1010-லிருந்து கழித்தால் 115 செ.மீ. அது சிறு பகுதிதான். மீதியைக் காற்று தள்ளிக்கொண்டு வருகிறது. வேகம் இரட்டித்தால் அந்தத் தள்ளு நான்கு மடங்கு. தண்ணீர் ஆழம் குறைந்தால் இன்னும் கூடும். அதனால்தான் ஆழம் குறைந்து வடக்கே குறுகிப்போகும் சான் பெட்ரோ விரிகுடாவின் தலையில் இருந்த, லெய்தே தீவின் தாக்லோபான் நகரத்துக்கு அந்த அடி. வட அரைக்கோளத்தில் புயல் போகும் திசைக்கு வலப்பக்கம் மோசம். மையம் நகரத்துக்குத் தெற்கே கடந்தது, நகரம் வலப்பக்கம்.

முதலில் காற்று நிலத்திலிருந்து கடல் பக்கம் வீசியது, விரிகுடாவில் தண்ணீர் உள்வாங்கியது. மையம் தாண்டியதும் காற்று திரும்பி, தள்ளி வைத்த தண்ணீரையும் சேர்த்து உள்ளே கொண்டுவந்தது. மையம் சமார் தீவின் குய்யுவானில் அதிகாலை 4.40-க்கு, லெய்தேயின் டொலோசாவில் 7 மணிக்குக் கரையைக் கடந்தது. தண்ணீர் வற்றுவதைப் பார்த்தால் அது ஓடுவதற்கான நேரம், வேடிக்கைக்கான நேரம் இல்லை.

எச்சரிக்கை போகாமல் இல்லை. 7 மீட்டர் வரை எழலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் "ஸ்டார்ம் சர்ஜ்" (புயல் தள்ளும் கடல் ஏற்றம்) என்ற சொல் பலருக்குப் புரியவில்லை. சுனாமி மாதிரி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். 1897 அக்டோபரில் இதே சமார், லெய்தே கரையில் கடல் ஏறியதை மணிலா ஆய்வகத்தின் ஹோசே அல்கே பாதிரியார் பதிவு செய்திருந்தும் ஊர் நினைவில் அது இல்லை. அறிவிப்பு எழுதுபவர்கள் "கடல் உங்கள் வீட்டுக் கூரை வரை ஏறும்" என்றே எழுதட்டும்.

கடல்வாசி:

நன்றி. இரண்டு சந்தேகம். "புயல் சற்றுப் பலவீனமடைந்தது" என்று வந்தால் காத்திருக்கலாமா? புகலிடம் எப்படி இருக்க வேண்டும்?

ஐசோபார்:

காத்திருக்கக் கூடாது. கண்ணைச் சுற்றியுள்ள மேக வளையமான உள் கண்சுவர் சிதைந்து வெளியே புதிது உருவாகும்போது உச்ச வேகம் குறையும், ஆனால் காற்று வீசும் பரப்பு விரியும். கடல் ஏற்றத்துக்கு அந்தப் பரப்பே தீனி. எதிர்ப்பக்கமும் நடக்கும்: 2021 டிசம்பரில் ராய் புயல், பிலிப்பைன்ஸின் சியார்கவ் தீவை நெருங்கும் முன் மளமளவென்று வலுத்தது. பிலிப்பைன்ஸில் காற்று எச்சரிக்கைக்கு 1 முதல் 5 வரை எண்கள்: 1-ஆம் எண் எச்சரிக்கை 36 மணி நேர அவகாசம் தரும், 4-ம் 5-ம் 12 மணி நேரம்தான். எண் ஏறட்டும் என்று காத்தால் அவகாசம் தேய்ந்துவிடும்.

அலைமானி:

புகலிடத்தில் கூரை பலத்தை மட்டும் பார்க்காதீர்கள், தரைமட்டத்தைப் பாருங்கள். தாக்லோபானில் புகலிடங்களின் கீழ்த்தளத்திலேயே மக்கள் மூழ்கினார்கள். எச்சரிக்கை 5 மீட்டர் என்றால் படுக்கும் தளம் கடல் மட்டத்துக்கு 5 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், அலைக்கு இன்னும் இரண்டு மீட்டர் கூட்டுங்கள். கான்கிரீட் மாடி, உள்பக்கப் படிக்கட்டு, பூட்டாத மேல்தளக் கதவு. சாவி யாரிடம் என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள்.

கரையைக் கடந்ததும் பார்ப்பதை நிறுத்தாதீர்கள். யாகி புயல் 2024 செப்டம்பர் 7-இல் வடவியட்நாமில் நுழைந்தது. லாவோ காய் மலைக் கிராமமான லாங் நூவை மண்சரிவு புதைத்தது 10-ஆம் தேதி.