பினாங்கில் வேலை கிடைத்திருக்கிறது: போனவர்களும் போகாதவர்களும் சொல்லுங்கள்

ஈசூன்வாசி:

வேலை பாயான் லெப்பாசில். சிப் தொழிற்சாலை. இங்கே சிங்கப்பூர் உட்லண்ட்சில் நான் செய்வதுதான், ஆனால் பதவி இரண்டு படி மேலே. ரிங்கிட்டைச் சிங்கப்பூர் வெள்ளியாக மாற்றினால் சம்பளம் குறைவு. வாடகை, கார், சாப்பாடு என்று பார்த்தால் கடைசியில் கையில் நிற்பது ஏறக்குறைய அதேதான். ஆகவே பணத்தைப் பற்றிக் கேட்க வரவில்லை.

நேர்காணல் முடிந்ததும் அங்குள்ள மேலாளர் ஒருவர் என்னைச் சாப்பிட அழைத்துப் போனார். நம் ஆள், ஈசூனில் வளர்ந்தவர், பினாங்கு போய் 11 வருடம். நாசி கண்டார் கடையில் நீள வரிசை. நின்றுகொண்டிருந்தவர் கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டு, "858 நாலு நிமிஷத்துல வருது தம்பி, அடுத்தது பதினாறு" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரையைக் காட்டினார். ஈசூனில் அவருடைய பழைய பிளாக்கின் கீழே இருக்கும் பேருந்து நிறுத்தம். "சும்மா பாப்பேன். நாலு நிமிஷம்னா லிஃப்ட்ல இறங்கச் சரியா இருக்கும்." அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது. எல்லாக் குழம்பையும் கலந்து சோறு மூழ்க ஊற்றச் சொன்னார்.

மனிதர் சோகமாக இருந்திருந்தால் நான் அன்றைக்கே வேண்டாமென்று முடிவெடுத்திருப்பேன். அவரோ சந்தோஷமாகத்தான் இருக்கிறார். வீட்டு மாடியிலிருந்து பினாங்குப் பாலம் தெரியுமாம், பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களாம். திரும்பி வரும் எண்ணமே இல்லை என்கிறார். பிறகு எதற்கு அந்த 858?

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

நூற்றெழுபது:

நான் எதிர்ப்பக்கம். மலேசியாவில் தைப்பிங்கில் இருந்தேன், சிங்கப்பூரில் வேலை கிடைத்தது, குடும்பத்தை எல்லைப் பக்கம் ஜொகூருக்கு மாற்றிவிட்டு தினம் ஜொகூர்-சிங்கப்பூர் பாலம் தாண்டினேன். 2017-இல் ஆரம்பித்தது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று. அப்போது ஜொகூரில் வாரவிடுமுறை வெள்ளியும் சனியும். எனக்குச் சனியும் ஞாயிறும். பிள்ளைகள் வெள்ளிக்கிழமை வீட்டில் இருப்பார்கள், நான் வேலையில். நான் ஞாயிற்றுக்கிழமை வீட்டில், அவர்கள் பள்ளியில். ஒரே கூரைக்குக் கீழே சனிக்கிழமை ஒன்றுதான் மிச்சம். 2025 ஜனவரியில் மாநிலமே பழையபடி சனி ஞாயிறுக்கு மாறியது. நான் அதற்கு முன்பே களைத்துப்போய்விட்டேன்.

ஆனால் மனசில் நிற்பது அதுவல்ல. ஒரு நாள் காலை ஐந்தரை மணி, நல்ல மழை, 170 பேருந்து பாலத்தில் அசையவில்லை. எல்லாரும் இறங்கி நடந்தார்கள். நானும் சப்பாத்தைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு சிலிப்பரில் நடந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர் குடையைப் பாதி என் பக்கம் சாய்த்தார். காவலாளிச் சட்டை போட்டிருந்தார்.

"எத்தனை வருஷம்?" என்று கேட்டார்.

"ரெண்டு."

"எனக்குப் பதினெட்டு."

அவ்வளவுதான் பேச்சு. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரைக்கும் குடை பிடித்தார், பிறகு கூட்டத்தில் கலந்துவிட்டார். அன்றைக்கு மத்தியானம் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து பதினாறைக் கூட்டிப் பார்த்தேன். என் பெரியவனுக்கு 23 ஆகியிருக்கும்.

கணக்கப்பிள்ளை:

நூற்றெழுபது அவர்களே, வருத்தமான கதைதான், ஆனால் இங்கே பொருந்தாது. தினமும் பாலம் தாண்டுவது ஒன்று, குடும்பத்தோடு பெயர்ந்து போவது இன்னொன்று. கேட்டவர் பினாங்கில் போய்த் தங்கப்போகிறார். அதோடு நீங்கள் சொல்வது பழைய காலம். ஜொகூரின் புக்கிட் சாகாருக்கும் இங்குள்ள உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் இடையே ரயில் வருகிறது. 4 கிலோமீட்டர், ஐந்து நிமிடம், ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர். 2026 இறுதிக்குள் ஓட்டவேண்டும் என்பது திட்டம்.

என் கதை சின்னது. 2022 ஆகஸ்டில் மலேசியாவில் கிள்ளானுக்கு வேலைக்குப் போனேன். முதல் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் கைகால் ஓடவில்லை: வரிக்கு மட்டும் 30 விழுக்காடு. தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று கணக்குப் பிரிவுக்கு ஓடினேன். அங்கே இருந்த மலாய்க்காரப் பெண் புன்னகையோடு "அங்கிள், நீங்க இன்னும் இங்க வாழல" என்றாள். 182 நாள் ஆகும்வரை வரிக்கு நான் வெளியாள். பிறகு கணக்குத் தாக்கல் செய்து அதிகமாகப் பிடித்ததைத் திரும்ப வாங்கினேன் என்பது வேறு விஷயம். 14 மாதத்தில் ஊருக்கே திரும்பிவிட்டேன். அதற்குக் காரணம் வரி இல்லை, அது வேறு கதை.

ஈசூன்வாசி, இப்போது நான் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். போவதென்றால் ஜனவரியில் போங்கள், அந்த ஆண்டுக்குள்ளேயே 182 நாள் தாண்டிவிடும். அடுத்தது மசேநி, அதாவது மத்திய சேம நிதி. இங்கே 55 வயது வரை உங்கள் பங்கு 20 விழுக்காடு, முதலாளி பங்கு 17. அங்கே போய் அந்த நாட்டு முதலாளியிடம் வேலை பார்த்தால் இது நின்றுவிடும். மலேசியக் குடிமக்களுக்கு அவர்களுடைய சேமநிதியான இபிஎஃப்பில் தொழிலாளி 11, முதலாளி 12 அல்லது 13. வெளிநாட்டவருக்கு 2025 அக்டோபரிலிருந்துதான் கட்டாயம், அதுவும் இரண்டு பக்கமும் ஆளுக்கு இரண்டு விழுக்காடு. 37 எங்கே, 4 எங்கே? "கையில் நிற்பது அதே" என்று எழுதியிருக்கிறீர்களே, இதைச் சேர்த்தீர்களா?

பிறகு வீடு. வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு வாங்கி ஐந்து வருடம் குடியிருந்து முடிக்காமல் முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியாது. நீங்கள் நிரந்தரவாசி என்றால் ஐந்து வருடம் ஆனாலும் முடியாது. நிரந்தரவாசியாக இருந்தால் மறுநுழைவு அனுமதி காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும், இல்லையென்றால் அந்தத் தகுதியே போய்விடக்கூடும். பையன் இருந்தால் தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவப் பணி. 13 வயதானவன் மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்கினால் எக்ஸிட் பெர்மிட் வாங்கவேண்டும். போய் உட்கார்ந்துவிட்டு அப்புறம் விழிக்கக்கூடாது.

தமிழ்ப் படிப்பையும் யோசியுங்கள். அங்கே தமிழ்ப்பள்ளிகள் ஐந்நூற்றுக்கு மேல் இருக்கின்றன, ஆனால் ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடும். இடைநிலைப் பள்ளியில் தமிழ் ஒரு பாடம்தான், ஆசிரியர் இருந்தால்தான் வகுப்பு. இங்கே தாய்மொழி என்று கடைசிவரை கூடவே வருகிறது. 858 எத்தனை நிமிடத்தில் வருகிறது என்பதெல்லாம் உணர்ச்சிவசப்பட்ட பேச்சு. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள்.

தேக்கா அக்கா:

கணக்கப்பிள்ளை அண்ணன், யாருமே கேட்காத கேள்விக்கு நீங்கள் ஒரு தேர்வுத் தாளே எழுதிவிட்டீர்கள். உங்கள் "வேறு கதை" எங்கே? அதைத்தானே அவர் கேட்டார்?

நான் போகாதவள். மலேசியாவில் ஷா ஆலமில் ஒரு மருத்துவமனையில் தாதியர் பயிற்சிப் பொறுப்பு. நான் வருடக்கணக்காக ஆசைப்பட்ட வேலை. வீட்டில் மூன்று வாரம் பேசினோம். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்காரர் "உன் இஷ்டம்" என்றார். உன் இஷ்டம் என்றால் என்ன அர்த்தம் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

கடைசி நாள் சனிக்கிழமை. தேக்கா ஈரச்சந்தையில் ஆட்டுக்கறிக் கடை முன்னால் நிற்கிறேன், போன் வந்தது. அந்தப் பெண் "உங்கள் முடிவு என்ன, வருகிறீர்களா?" என்று கேட்கிறாள். கடைக்காரர் கத்தியை ஓங்கிக்கொண்டு "எலும்பு போடவாக்கா?" என்கிறார். நான் "வேண்டாம்" என்றேன்.

இருவரும் கேட்டுக்கொண்டார்கள். அவர் எலும்பை ஒதுக்கிவைத்தார். அவள் "சரி மேடம், நன்றி" என்று போனை வைத்துவிட்டாள்.

இது ஒன்பது வருடத்துக்கு முன். யாருக்குப் பதில் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கே தெரியாது. திரும்பக் கூப்பிட்டு விளக்கியிருக்கலாம். கூப்பிடவில்லை. கறியை வாங்கிக்கொண்டு 65 பேருந்தில் ஏறிவிட்டேன். அன்றைக்கு மாமியார் இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டார்.

நேவல்பேஸ் மகள்:

தேக்கா அக்கா, சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

எங்கள் அப்பா 1964-இல் சுங்கை சிப்புட் தோட்டத்திலிருந்து செம்பவாங் கடற்படைத் தளத்துக்கு வேலைக்கு வந்தார். அப்போது சிங்கப்பூரும் மலேசியாவில் ஒரு மாநிலம். பேராக்கிலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போகிறோம், தீபாவளிக்குத் தீபாவளி ரயிலேறி வந்துவிடலாம் என்றுதான் பாட்டியிடம் சொல்லிவிட்டு வந்தாராம். அடுத்த ஆகஸ்டு 9-ஆம் தேதி அது வேறு நாடு. அப்பா ஒரு அடிகூட நகரவில்லை. பிரிட்டிஷ்காரன் தளத்தைவிட்டுப் போனபோதும் நகரவில்லை, அதே இடத்தில் கப்பல் பட்டறையில் சேர்ந்துகொண்டார்.

எனக்குப் பத்து வயது இருக்கும். பெரியப்பாவைப் பார்க்கப் புறப்பட்டோம். அப்பாவுக்கு எழுத்து கொஞ்சம் தகராறு, அதனால் ஜொகூரில் கொடுக்கும் வெள்ளை அட்டையை நான்தான் பூர்த்தி செய்வேன். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாம் எழுதிவிட்டு, "வந்த நோக்கம்னு கேட்டிருக்குப்பா, என்ன எழுத?" என்றேன். அப்பா பேனாவை என்னிடமிருந்து வாங்கினார். அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்ற சீனர் உச்சுக்கொட்டினார். "அண்ணன் வீட்டுக்குப் போறதுக்கு என்னம்மா நோக்கம்?" என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். நான் "சோஷியல் விசிட்" என்று எழுதினேன். முன்னால் நின்றவர் அட்டையைப் பார்த்துத்தான் எழுதினேன்.

கணக்கப்பிள்ளை சொல்வது எல்லாம் சரியான தகவலாகவே இருக்கட்டும். ஆனால் அப்பாவும் தாளில் கோடு போட்டுத்தான் வந்தார். தோட்டத்தில் நாள்கூலி, தளத்தில் மாதச் சம்பளமும் குவாட்டர்ஸும். 1965 எந்தப் பக்கத்திலும் இல்லை.

கணக்கப்பிள்ளை:

நாடு பிரிவதை யாரால் கணக்கில் சேர்க்கமுடியும்? அதற்காகக் கணக்கே போடாமல் இருப்பதா? அக்கா கேட்டதால் சொல்கிறேன். கிள்ளானில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மனைவி பூசைக்கு வாங்கிய வெற்றிலையை வைத்துக்கொண்டு "இத யாருக்குக் குடுக்கறது?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டுப் பெயர்கூட எங்களுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்கும் தெரியாது.

தேக்கா அக்கா:

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அண்ணன்.

ஈசூன்வாசி:

எல்லாருக்கும் நன்றி. கணக்கப்பிள்ளை அண்ணன், நான் குடிமகன், நிரந்தரவாசி இல்லை. வீட்டுக்கு ஏழு வருடம் ஆகிவிட்டது. எனக்கு ஒரே மகள், தொடக்கநிலை 2, ஆகவே எக்ஸிட் பெர்மிட்டும் வேண்டாம். ஆனால் 37-க்கு 4 என்பதை உண்மையிலேயே நான் சேர்க்கவில்லை. நேற்று ராத்திரி சேர்த்துப் பார்த்தேன். மனைவியிடம் இன்னும் காட்டவில்லை.

நேர்காணலில் சந்தித்தவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: "அண்ணே, ஏன் இன்னும் 858 பாக்கறீங்க?" பார்த்துவிட்டார், நீலக் குறி வந்துவிட்டது. பதில் இல்லை. கேட்டிருக்கக்கூடாதோ என்னவோ.

நூற்றெழுபது, அந்தக் குடைக்காரப் பெரியவரைப் பிறகு பார்த்தீர்களா?

நூற்றெழுபது:

இல்லை. அடுத்த வாரத்திலிருந்து நான் அரை மணி நேரம் முன்னாலேயே கிளம்ப ஆரம்பித்துவிட்டேன்.