பழைய டிராவலர் கேம்பர்: மலை இறக்கமும் வாசல் நிறுத்தமும்

பாலக்கோடு:
பழைய டெம்போ டிராவலரைப் படுக்கை, அடுப்போட மாத்தி வச்சிருக்கிறவங்க அவங்கவங்க ஊர்ப் பேரைப் போட்டு விவரமா எழுதுங்க. ஒகேனக்கல், அஞ்செட்டி, வத்தல்மலைப் பக்கம் போனா வண்டி எங்க மக்கர் பண்ணும், ஏன் பண்ணும்? வீட்ல நிக்கும்போது என்ன பார்க்கணும்?

ஓசூர்:
முதல்ல பிரேக்தாங்க, மத்ததெல்லாம் அப்புறம். தர்மபுரியிலிருந்து சேலம் போறப்ப தொப்பூர்ல இறக்கம். பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் போறதும் அப்படித்தான். தண்ணி, கேஸ், ஆளுங்கன்னு பாரம் ஏத்தின வண்டியை மிதிச்சுக்கிட்டே இறக்கினா பிரேக் டிரம் சூடாகி, அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும். அந்த ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். பழசாயிட்டா உள்ள இருக்கிற தண்ணி ஆவியாகி, பெடல் சும்மா தரை வரைக்கும் போயிடும். அதனால ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா முழுசா வடிச்சு மாத்தணும். குறைஞ்சதுக்கு மேல ஊத்தி நிரப்பறது மாத்தினதாகாது.

இறக்கம் தொடங்கறதுக்கு முன்னாடியே மூணாவது இல்லன்னா ரெண்டாவது கியருக்கு வந்துடுங்க. டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடறவங்க, இஞ்சினையே அணைக்கிறவங்க இன்னும் இருக்காங்க. அணைச்சா, பிரேக் மிதியை லேசாக்கற பூஸ்டருக்கு வேக்கம் கொடுக்கிற பம்ப் நின்னுடும். பூஸ்டர்ல மிச்சம் இருக்கிறது ரெண்டு மூணு மிதிக்குத்தான் காணும். அப்புறம் பெடல் கல்லாயிடும்.

கிருஷ்ணகிரி:
நம்ம பக்கம் போர் தண்ணி உப்பு. அதை ரேடியேட்டர்ல ஊத்தினா படிவு சேர்ந்து டியூப் அடைக்கும். சமவெளியில ஒழுங்கா ஓடற வண்டி வத்தல்மலை ஏறும்போது கொதிச்சா முதல் சந்தேகம் அதுமேலதான். கூலன்ட் பாதி, பேட்டரிக்கு ஊத்தற சுத்தத் தண்ணி பாதி. மேல போய்ச் சேர்ந்ததும் படக்குனு அணைக்காம ரெண்டு நிமிசம் ஐடில்ல விடுங்க. சூட்டோட மூடியைத் தொடவே கூடாது.

குடிக்கிற டேங்குலயும் போர் தண்ணி வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் நிலத்தடி நீர்ல ஃபுளோரைடு இருக்கு. காய்ச்சினா போகாது, தண்ணி சுண்டச் சுண்ட செறிவு கூடத்தான் செய்யும். 2013ல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதுக்காகத்தான், அந்தக் குழாய்லயே பிடிச்சுக்குங்க. 60 லிட்டர்னா 60 கிலோ. டேங்கை பின் சக்கரத்துக்குப் பின்னாடி தொங்கவிடாம ரெண்டு ஆக்ஸிலுக்கு நடுவுல வைங்க, இல்லன்னா வளைவுல பின்பக்கம் ஆடும்.

தேன்கனிக்கோட்டை:
காப்புக்காட்டுக்குள்ள அனுமதியில்லாம வண்டியை நிறுத்தித் தூங்கறது சட்டப்படி குத்தம். ராகி அறுவடை சமயத்துல கர்நாடகாவோட பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானை கூட்டமா ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வரைக்கும் வரும். அப்போ வயலோரம் நிறுத்தறதும் வேண்டாம். வாழைத்தார், பலாப்பழம், ராகி மூட்டை வண்டிக்குள்ள இருந்தா வண்டித் தகரம் யானைக்கு ஒரு பொருட்டே இல்ல.

தளிப் பக்கத்துக் குளிர்ல காலையில ஸ்டார்ட் ஆகாம வெள்ளைப் புகை கக்கினா, ஸ்டார்ட்டுக்கு முன்னாடி இஞ்சினுக்குள்ள சூடேத்தற ஹீட்டர் பிளக்கைப் பாருங்க. நாலு பிளக். ஒவ்வொண்ணோட ஒயரையும் கழட்டிட்டு, பேட்டரி பாசிட்டிவ்ல டெஸ்ட் லேம்பை மாட்டி அதன் முனையை பிளக் தலையில வைங்க. லேம்ப் எரிஞ்சா இழை அறுபடல. எரியலன்னா அது செத்துப்போச்சு. குளிருதுன்னு ஜன்னலைச் சாத்திட்டு உள்ள கரி அடுப்பு மட்டும் வைக்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

தர்மபுரி:
வண்டி பாதி கெடறது வாசல்ல நிக்கும்போதுதான். மாமரத்தடியில நிறுத்தினா சருகு, கூரை ஓரத்துல மழைத்தண்ணி ஓடற கால்வாயை அடைச்சு, ஈரம் நின்னு, அங்கதான் முதல்ல துரு பிடிக்கும். கதவுக்கு அடியில இருக்கிற சின்ன ஓட்டைகளையும் கம்பியால குத்தி விடுங்க. டீசல் டேங்க் நிரம்பியே இருக்கட்டும். காலியா இருந்தா உள்காத்தோட ஈரம் சுவர்ல வேர்த்து, தண்ணியா அடியில சேரும். ஃபில்டர் வடிகால் திருகைத் திறந்து அதை எடுத்துடணும். நின்ன இடத்துல பத்து நிமிசம் உறுமவிடறதால ஒரு பிரயோசனமும் இல்ல, பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் ஓட்டுங்க. டயர்ல பட்டன் தேயலன்னாலும் வயசைப் பாருங்க: பக்கவாட்டுல இருக்கிற எண்ணோட கடைசி நாலு இலக்கத்துல முதல் ரெண்டு இலக்கம் தயாரிச்ச வாரம், அடுத்த ரெண்டு இலக்கம் வருசம்.

வண்டிக்குள்ள ஃபேன், லைட்டுக்குன்னு தனியா வைக்கிற 12 வோல்ட் பேட்டரி 100 ஆம்பியர்-ஹவர் டியூபுலர்னா பாதிதான் கணக்கு, 50. 15 வாட் ஃபேன் எட்டு மணி நேரத்துக்கு 10 ஆம்பியர்-ஹவர், ரெண்டு 5 வாட் எல்இடி நாலு மணி நேரம் மூணுக்குக் கொஞ்சம் மேல, போன் சார்ஜ் ஒரு மூணு. ஒரு ராத்திரிக்கு 17 வச்சுக்குங்க. வெயிலே இல்லாட்டியும் ரெண்டு ராத்திரி தாராளமா தாங்கும். கரண்ட் போற அன்னிக்கு வீட்டு ஆளுங்க எல்லாம் வண்டிக்குள்ள படுக்கறதும் இந்தக் கணக்குலதான். ஃபியூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள்ள இருக்கணும். தள்ளிப் போட்டா, அதுக்கு முன்னாடி ஒயர் பாடியில உரசினா காப்பாத்த எதுவும் கிடையாது.

கேஸ் காத்தை விடக் கனம், கசிஞ்சா கீழதான் தங்கும். 5 கிலோ சிலிண்டர் பெட்டிக்கு அடியில வெளிய திறக்கிற ஓட்டை வைங்க, உள்பக்கம் முழுக்க அடைச்சிடுங்க. ரெகுலேட்டர் மாட்டும்போதெல்லாம் சோப்புத் தண்ணி பூசிப் பாருங்க.

ஓசூர்:
ஆர்.சி.யையும் சொல்லிடறேன். சீட்டைக் கழட்டி படுக்கை போட்டா மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி ஆர்.சி.யில ஏத்தணும். சொந்த வண்டின்னா 15 வருசம் முடிஞ்சதும் அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிப்பு.

பாலக்கோடு:
மழையில முன்கண்ணாடி ஓரமா டேஷ்போர்டுக்குள்ள சொட்டுதுங்க, எங்கன்னு தெரியல.

தர்மபுரி:
உள்ள ஒரு ஆள் டார்ச்சோட உக்காரட்டும். வெளிய ஹோஸ் பைப்ல கீழ் மூலையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு இடத்துலயும் ஒரு நிமிசம் விட்டு மேல போங்க. மேல இருந்து விட்டா எல்லாப் பக்கமும் வழிஞ்சு ஒண்ணும் புரியாது. கண்ணாடியைச் சுத்தி இருக்கிற ரப்பர் பீடிங் விறைச்சுப் போயிருந்தா சிலிக்கான் பூசாதீங்க, புதுசு போடுங்க. கண்ணாடியில பீடிங்கை மாட்டி, அதன் வெளிப் பள்ளத்துல சுத்தி கயிறு போட்டு, ரெண்டு நுனியையும் உள்பக்கம் விடுங்க. சோப்புத் தண்ணி தடவி, வெளிய ஒருத்தர் கையால அமுக்க, உள்ள இருக்கிறவர் கயிறை மெதுவா இழுத்தா பீடிங்கோட உதடு தகரத்துமேல ஏறி உக்காரும். ஸ்குரூ டிரைவரால நெம்பினா பீடிங் கிழியும், சில சமயம் கண்ணாடியும் போயிடும்.