விசா ஸ்டிக்கரில் நாங்கள் படிக்கத் தவறியவை: ஷெங்கன் பயண அனுபவங்கள்

முதல் பதிவு

ஐரோப்பாவுக்குச் சுற்றுலா செல்ல நினைப்பவர்களுக்கு விசா கையில் கிடைக்கும் வரையில்தான் பதற்றம் இருக்கிறது. கிடைத்த பிறகு அந்த ஸ்டிக்கரில் என்ன அச்சிடப்பட்டிருக்கிறது என்று நிதானமாகப் படிப்பவர்கள் குறைவு. நானும் படிக்காதவர்களில் ஒருவனாகத்தான் இருந்தேன். 2019 மே மாதம் நானும் என் மனைவியும் இத்தாலி சென்றபோது, எங்கள் ஷெங்கன் விசாவில் (ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் பொதுப் பகுதியே ஷெங்கன்) மே 3 முதல் மே 29 வரை என்று தேதிகள் இருந்தன. நாங்கள் விண்ணப்பத்தில் கேட்டிருந்ததோ 12 நாள்கள்தான். கேட்டதற்கு மேல் தாராளமாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்துபோய், கடவுச்சீட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டேன்.

புளோரன்ஸ் நகரில் தங்கியிருந்த ஒரு மாலையில், "29ஆம் தேதி வரைக்கும் விசா இருக்கிறதே, டிக்கெட்டை மாற்றிக்கொண்டு வெனிஸுக்கும் இரண்டு நாள் போய்வரலாமே" என்று மனைவி கேட்டார். டிக்கெட்டை மாற்றும் முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கடவுச்சீட்டை விளக்கடியில் விரித்தபோதுதான், தேதிகளுக்குக் கீழே தனியாக ஒரு கட்டத்தில் 12 என்ற எண் இருப்பது கண்ணில் பட்டது. தேதிகள் காட்டுவது விசாவைப் பயன்படுத்தக்கூடிய காலத்தை. அந்த எண் காட்டுவதே உள்ளே தங்கக்கூடிய நாள்களை. பயணம் சற்று முன்பின் தள்ளிப்போனால் விசா வீணாகிவிடக் கூடாது என்பதற்காகவே கேட்ட நாள்களுடன் 15 நாள்கள் சேர்த்துத் தேதியிடுகிறார்கள். மூன்றிலிருந்து இருபத்தொன்பது வரை எண்ணிப் பாருங்கள், சரியாக 27 நாள்கள் வரும்: பன்னிரண்டும் பதினைந்தும்.

அதோடு சிக்கல் தீரவில்லை. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் முழு நாள்களாகவே கணக்கில் சேரும். நாங்கள் ரோமில் இறங்கியது மே 3 இரவு 11.20 மணிக்கு, எல்லைக் கட்டுப்பாட்டில் முத்திரை விழுந்தபோது நள்ளிரவுக்குச் சில நிமிடங்களே இருந்தன. அந்தச் சில நிமிடங்களும் ஒரு நாள்தான். திரும்பும் விமானமோ மே 15 அதிகாலை 12.40க்கு. அதைப் "பதினான்காம் தேதி இரவு விமானம்" என்றே நாங்கள் பேசிப் பழகியிருந்ததால், விண்ணப்பத்திலும் பதினான்கு என்றே எழுதியிருந்தேன். விமானம் புறப்படும் நேரம் எதுவாயினும், வெளியேறும் முத்திரை எந்தத் தேதியில் விழுகிறதோ அதுவே வெளியேறிய நாள் என்பதால், அன்று இரவு உணவைக்கூடத் தவிர்த்துவிட்டு 11 மணிக்கெல்லாம் வெளியேறும் முத்திரைக்கான வரிசையில் போய் நின்றோம். முத்திரையில் 14 என்பதைப் பார்த்த பிறகே எனக்கு மூச்சு வந்தது. வெனிஸ் இன்றுவரை பாக்கி.

இதுபோல ஸ்டிக்கரைப் படிக்கத் தவறிப் பாடுபட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

மறுமொழி 1

ஐயா, தாங்கள் நள்ளிரவுக்கு முன் தப்பித்துவிட்டீர்கள். எனக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. என்னைப் பிடித்தது எத்தனை முறை நுழையலாம் என்று காட்டும் கட்டம்.

பாரிஸில் ஐந்து நாள், அங்கிருந்து சுரங்க வழி ரயிலில் லண்டன் சென்று நான்கு நாள், பிறகு மீண்டும் பாரிஸ் வந்து ஊர் திரும்பும் விமானம் என்பது என் திட்டம். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை என்பது தெரிந்து, அதற்குத் தனி விசாவும் எடுத்திருந்தேன். ஆனால் பிரிட்டனுக்குள் போவது என்றால் ஷெங்கனை விட்டு வெளியேறுவது, திரும்பி வருவது என்றால் இரண்டாம் முறை நுழைவது என்ற எளிய உண்மை எனக்கும் உறைக்கவில்லை, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த முகவருக்கும் உறைக்கவில்லை. அவர் ஒரு முறை நுழைவு என்று குறித்துவிட்டார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். படிக்காமல் கையெழுத்திட்டவன் நான் என்பதால் அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

லண்டன் செயின்ட் பாங்கிராஸ் நிலையத்தில் ரயில் ஏறுவதற்கு முன்பே பிரெஞ்சு எல்லை அதிகாரிகளின் சோதனை நடந்துவிடும். பாரிஸ் போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இடமில்லை. கூண்டில் இருந்த அதிகாரி விசாவில் 01 என்றிருந்த இடத்தில் விரலை வைத்தார். பிறகு பக்கத்தைப் புரட்டி, நான்கு நாள்களுக்கு முன் பாரிஸில் விழுந்த முத்திரையைக் காட்டினார். வெளியே போகும் அம்புக்குறியும், மூலையில் சின்னஞ்சிறு ரயில் படமும் இருந்த அந்த முத்திரையை நான் முன்பு அழகு பார்த்திருக்கிறேன். அதற்குப் பொருள் இருக்கிறது என்று அன்றுதான் புரிந்தது. அவர் கடுமையாக எதுவும் பேசவில்லை. பேச எதுவும் இல்லை. லண்டனிலிருந்தே புதிதாக விமான டிக்கெட் வாங்கி ஊர் திரும்பினேன். பாரிஸிலிருந்து எடுத்த டிக்கெட் வீணானது.

அந்தக் கட்டத்தில் 01, 02 அல்லது பல முறை என்பதற்கான ‘மல்ட்’ என்ற எழுத்துகள் இருக்கும். இடையில் வெளியே போகும் திட்டம் இருந்தால் விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும். எது உள்ளே, எது வெளியே என்பதிலும் ஊகம் உதவாது. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கின்றன. அயர்லாந்தும் சைப்ரஸும் ஒன்றியத்தில் இருக்கின்றன, ஷெங்கனில் இல்லை. குரோஷியா 2023இல் சேர்ந்தது; பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழுமையாகச் சேர, இப்போது மொத்தம் 29 நாடுகள்.

மறுமொழி 2

எனக்கு ஸ்டிக்கரில் குறை ஒன்றும் இல்லை. விசா இருந்தாலே கேள்வியின்றி உள்ளே விடுவார்கள் என்று நம்பியதுதான் குறை.

அம்மாவுடன் ரோமுக்குப் போனேன், பிராங்க்ஃபர்ட் வழியாக. இத்தாலி கொடுத்த விசா என்பதால் இத்தாலியில்தான் கேட்பார்கள் என்று எண்ணியிருந்தேன். ஷெங்கனுக்குள் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே நுழைவுச் சோதனை முடிந்துவிடும், ஆகவே பிராங்க்ஃபர்ட்டில் ஜெர்மன் அதிகாரி கேட்டார்: எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், திரும்பும் டிக்கெட் எங்கே, செலவுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? எல்லாவற்றுக்கும் தாள் இருந்தது. விடுதி முன்பதிவு, வங்கி அறிக்கை, குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டிய மருத்துவக் காப்பீடு என அனைத்தையும் ஒரு கோப்பில் அடுக்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று பெரிய பெட்டியில் வைத்திருந்தேன். அந்தப் பெட்டியோ எங்களுக்கு முன்பே ரோம் விமானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

பக்கத்து அறையில் ஐம்பது நிமிடம் உட்கார வைத்தார்கள். அம்மா ஒருமுறைகூட என்னைக் கடிந்துகொள்ளவில்லை, அதுதான் பெரிய தண்டனை. கைப்பேசியில் மின்னஞ்சல்களைத் தேடி ஒவ்வொன்றாகக் காட்டிய பிறகு விட்டார்கள். விமானத்தின் கதவு மூட எட்டு நிமிடம் இருக்கும்போது ஓடிப் போய் ஏறினோம். அந்தக் கோப்பு இப்போது கைப்பையை விட்டு நகர்வதில்லை.

மறுமொழி 3

ஐயா, எனக்கு ஓராண்டுக்குப் பல முறை நுழைவு விசா, 90 நாள்கள் என்று கிடைத்திருக்கிறது. 90 நாள்கள் தங்கிவிட்டு, ஒரு வாரம் வெளியே இருந்து திரும்பினால் மீண்டும் 90 கிடைக்குமா?

முதல் பதிவர்

கிடைக்காது, அம்மா. எந்த 180 நாள்களை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90க்கு மேல் போகக் கூடாது என்பதே விதி, அந்த 180 நாள்களும் அன்றாடம் நகர்ந்துகொண்டே இருக்கும். தங்கும் ஒவ்வொரு நாளும், அன்றையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாள்களை எண்ண வேண்டும். ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் இதற்கென்றே ஒரு கணக்கிடும் வசதி இருக்கிறது. முன்பு அதிகாரிகள் முத்திரைகளைப் புரட்டி எண்ணினார்கள். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்துள்ள புதிய முறையில் நுழைவும் வெளியேற்றமும் கணினியில் பதிவாவதால், ஒரு நாள் கூடினாலும் அதுவே காட்டிவிடும்.

லீப் அல்லாத ஆண்டில் ஜனவரி 1 அன்று நுழைந்து மார்ச் 31 வரை தங்கினால் 90 தீர்ந்துவிடும். ஜூன் 29 வரை உள்ளே வர வழியில்லை. ஜூன் 30 அன்று பின்னோக்கி எண்ணினால் ஜனவரி 1 கணக்கிலிருந்து உதிர்ந்திருக்கும், அன்று நுழையலாம். ஒரு நாள்தானே கிடைத்தது என்று கவலைப்பட வேண்டாம். மறுநாள் ஜனவரி 2 உதிரும், அதற்கு மறுநாள் 3 உதிரும், விசாவின் கடைசித் தேதி இடையில் வராவிட்டால் இப்படி அடுத்த 90 நாள்கள் வரை நீங்கள் தொடர்ந்து தங்கலாம்.