நாற்றங்காலில் கூத்தாடியைத் தின்னும் பெரிய புழு: சோரோஃபோரா சிலியாட்டாவா?

வெண்ணாற்றங்கரை:
மன்னார்குடி பக்கம், குறுவை நாற்றங்கால். வரப்போரம் தேங்கிய தண்ணீரில் பெரிய கொசுப்புழு ஒன்று மற்ற கூத்தாடிகளைக் கவ்வித் தின்கிறது. படத்தோடு ஒப்பிட்டால் அமெரிக்காவின் சோரோஃபோரா சிலியாட்டா என்ற கொசுவின் புழு மாதிரி தெரிகிறது. அதுவும் தண்ணீர் பாய்ந்த நிலத்தில்தான் வருமாம். இங்கே வந்துவிட்டதா?

பூச்சிக்கண்:
இல்லைங்க. சோரோஃபோரா பேரினமே அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. சிலியாட்டாவை 1794இல் பூச்சியியலாளர் ஃபெப்ரீசியஸ் விவரித்தபோது கியூலெக்ஸ் என்ற கொசுப் பேரினத்தில்தான் வைத்தார். சோரோஃபோரா தனிப் பேரினமானது 1827இல். ஏடிஸ் கொசுக்கள் இருக்கும் ஏடினி குழுவில் அது சேரும். இரை தின்பதை மட்டும் வைத்து இனம் சொல்லாதீர்கள். ஒன்றுக்கொன்று தூரத்து உறவான கொசுக்களிலும் அந்தப் பழக்கம் உண்டு. உங்களுடையது பெரும்பாலும் லுட்சியா என்ற வேறொரு கொசுப் பேரினம். 2003 வரை அதை கியூலெக்ஸின் துணைப்பேரினமாக வைத்திருந்தார்கள், பழைய நூல்களில் அங்கேதான் தேடணும்.
முட்டையைப் பாருங்கள். லுட்சியா தண்ணீர்மேல் படகு போல ஒட்டிப் போடும். சிலியாட்டா ஈரமண்ணில் தனித்தனியாகப் போடும். அது காய்ந்து கிடந்து, தண்ணீர் ஏறியதும் பொரியும்.

வெண்ணாற்றங்கரை:
படகு முட்டைதான் சார் மிதக்கிறது. அப்போ லுட்சியாவேதானா?

கொள்ளிடம்:
அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். கியூலெக்ஸும் படகாகத்தான் போடும், அதே நாற்றங்காலில் அதுவும் இருக்கும். புழுவின் வால்பக்க மூச்சுக்குழலைப் பாருங்கள்: லுட்சியாவில் சீப்புப்பற்கள் (வரிசையான சிறு முட்கள்) கிட்டத்தட்ட நுனிவரை ஓடும், கியூலெக்ஸில் அடிப்பக்கத்தோடு நின்றுவிடும்.
இரண்டு மூன்று புழுவை வளர்த்துப் பார்ப்பது இன்னும் நல்லது. டம்ளருக்கு ஒன்றுதான்; சேர்த்துவிட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். வயல் தண்ணீரையே ஊற்றி, தினமும் சின்னக் கூத்தாடிகளைப் போட்டு, வாயை வலைத்துணியால் கட்டுங்கள். கூட்டுப்புழு ஆனபின் இரண்டு மூன்று நாளில் கொசு வெளிவரும். உடனே கொல்லாமல் ஒரு நாள் விடுங்கள், உடம்பு இறுகட்டும். பிறகு ஃப்ரீசரில் வையுங்கள். கொசுவை ஆல்கஹாலில் போட்டால் செதில் உதிர்ந்து அடையாளமே போய்விடும். புழுவுக்கு மட்டும் சுடுநீர், அப்புறம் 80 சத ஆல்கஹால். நேரே ஆல்கஹாலில் போட்டால் கறுத்துவிடும்.

பூச்சிக்கண்:
கொசு கிடைத்ததும் மார்பின் பக்கவாட்டில் மூச்சுத்துளையைக் கண்டுபிடியுங்கள். சோரோஃபோராவில் அதற்கு முன்னும் பின்னும் முள்மயிர் இருக்கும், ஏடிஸில் பின்னால் மட்டும், லுட்சியாவில் இரண்டு பக்கமும் இருக்காது. கைலென்ஸ் போதாது, 40 மடங்கு ஸ்டீரியோ நுண்ணோக்கி வேண்டும். பின்னங்காலில் தூக்கலான செதில் அடர்ந்திருப்பது சிலியாட்டாவின் முத்திரை. லுட்சியாவின் கால் அப்படி இருக்காது.
நாற்றங்காலுக்கு இதற்காக மருந்து அடிக்காதீர்கள். மூளைக்காய்ச்சல் பரப்பும் கியூலெக்ஸ் புழுக்களையும் இது தின்கிறது, மருந்து இரண்டையும் சேர்த்துக் கொல்லும்.