கெத்தை பவர் ஹவுஸில் போஸ்டிங்: குடும்பத்தோடு போகலாமா?

ஈரோட்டுக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். இதுவரை சமவெளியில் ஒரு 230 கேவி சப்ஸ்டேஷனில் ஷிப்ட் பார்த்து வந்தேன். இப்போது நீலகிரியில் கெத்தைக்கு, அதாவது குந்தா இரண்டாவது பவர் ஹவுஸுக்கு, ஆபரேஷன் பக்கம் மாற்றல் ஆர்டர் வந்திருக்கிறது. மனைவி, யூ.கே.ஜி. படிக்கும் மகள், சர்க்கரை நோய் உள்ள அம்மா என்று வீட்டில் மூன்று பேர். நான் மட்டும் போய்த் தங்கி லீவுக்கு ஊருக்கு வருவதா, எல்லோரையும் கூட்டிக்கொண்டு போவதா என்று முடிவெடுக்க முடியவில்லை. வேலையைப் பற்றிக் கேட்டால் "மெஷின் தானாக ஓடும், மணிக்கொரு முறை ரீடிங் எழுதினால் போதும், தூக்கத்தோடுதான் சண்டை" என்கிறார்கள். உண்மையிலேயே அவ்வளவுதானா? அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்.

சி ஷிப்ட்:
தம்பி, நான் சர்வீஸ் முழுக்க குந்தா வட்டத்தில்தான் இருந்தேன், இப்போது ரிட்டயர்டு. அப்படிச் சொன்னவர் ஒரு ட்ரிப்பின்போதுகூட, அதாவது மெஷின் கிரிட்டிலிருந்து திடீரென்று கழன்ற நேரத்தில்கூட, மெஷின் ஹாலில் நின்றிருக்க மாட்டார்.

சப்ஸ்டேஷனில் பிரேக்கர், அதாவது லைனைத் துண்டிக்கும் சுவிட்ச், விழுந்தால் லைன் போகும், எது விழுந்தது என்று பார்த்துவிட்டு மேலே கேட்டுத் திரும்ப லைனுக்கு மின்சாரம் விடுவாய். இங்கே பிரேக்கர் விழுந்தாலும் மலையிலிருந்து பென்ஸ்டாக் என்ற பெரிய குழாய் வழியாக வருகிற தண்ணீர் நிற்காது. 35 மெகாவாட் லோடு சட்டென்று கழன்றதும் பெல்டன் சக்கரம், அதாவது தண்ணீர் ஜெட் அடித்துச் சுற்றும் டர்பைன், வேகமெடுக்கும், சத்தமே மாறிவிடும். அந்த நேரத்தில் தண்ணீரை ஒரேயடியாக அடைக்கவும் கூடாது, பைப்பில் அழுத்தம் ஏறி வெடித்தே போகும். அதனால் முதலில் டிஃப்ளெக்டர் என்ற தடுப்புத் தகடு வந்து ஜெட்டைச் சக்கரத்தில் படாமல் ஒதுக்கிவிடும், அப்புறம்தான் ஜெட் வெளியே வரும் நாசிலுக்குள் இருக்கிற ஊசி நிதானமாக மூடும். எல்லாம் மெஷின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற கருவி செய்கிற வேலைதான், ஆனால் டிஃப்ளெக்டர் இறங்கியதா, ஸ்பீடு குறைகிறதா, பிரஷர் கேஜ் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டியவன் நீதான். குறையவில்லை என்றால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் தண்ணீர் உள்ளே வரும் மெயின் இன்லெட் வால்வை மூட வேண்டியவனும் நீதான். அந்தச் சில நிமிஷத்துக்குத்தான் மற்ற நேரமெல்லாம் சம்பளம்.

ரீடிங்கைச் சாதாரணமாக நினைக்காதே. பேரிங் டெம்பரேச்சரை எழுதும்போது மேலே இருக்கிற நாலு வரியையும் சேர்த்துப் பார். லோடு அதேதான், ஆனால் 58 டிகிரி இருந்தது 60 ஆகி 62 ஆகிறது என்றால், அலாரம் அடிக்கட்டும் என்று உட்காராதே, கூலிங் வாட்டரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரைப் போய்த் திறந்து பார்க்கச் சொல். மழைக்காலத்தில் இலையும் சேறும் வந்து அப்பிக்கொள்ளும். கெத்தை கொழும்புத் திட்டத்தில் கனடா உதவியோடு கட்டி 1960களின் தொடக்கத்தில் ஓட ஆரம்பித்த நிலையம். பழைய இடத்தில் டிராயிங்கில் இருப்பது ஒன்று, பேனலுக்குள் இருப்பது வேறாகவும் இருக்கலாம். சேர்ந்த முதல் மாதமே பழைய ஆள் ஒருவரைப் பிடித்து, கையில் டார்ச்சோடு பைப் பைப்பாக, வால்வு வால்வாகச் சுற்றி வா.

இன்னொன்று. அவலாஞ்சி, எமரால்டு அணைகளின் தண்ணீர் குந்தா முதல் பவர் ஹவுஸில் ஓடி, குந்தா அணைக்கு வந்து, அங்கிருந்து உன்னிடம் வரும். நீ விடுவது பரளி பவர் ஹவுஸுக்குப் போகும், அப்புறம் பில்லூர் அணை. கோயம்புத்தூர்க்காரர்களில் பலர் குடிப்பது பில்லூர் தண்ணீர்தான். அதற்கும் கீழே பவானிசாகர், கீழ்பவானி வாய்க்கால், உன் ஊர் வயல். எனவே மேலேயும் கீழேயும் உள்ள ஸ்டேஷன்களோடு போனில் பேசாமல் இந்த வேலை நடக்காது. சாயங்காலம் சோலார் மின்சாரம் குறைகிற நேரத்தில், எந்த நிலையம் எவ்வளவு மின்சாரம் தர வேண்டும் என்று சொல்லும் லோடு டெஸ்பாட்சிலிருந்து கூப்பிடுவார்கள், சில நிமிஷத்தில் மெஷினைச் சுற்றவிட்டு சிங்க்ரனைஸ் பண்ணி, அதாவது கிரிட்டோடு இணைத்துக், கொடுக்க வேண்டும். அனல் மின்நிலையத்தால் அந்த வேகத்துக்கு வர முடியாது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது இதுதான்.

கேம்ப் வீட்டுப் பெண்:
அண்ணா, நான் குந்தா பக்கம் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், அப்பா ஆபரேட்டர். குடும்பத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

குழந்தையை அவசியம் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த வயதில் அதைவிட நல்ல இடம் கிடையாது. பெரிய வகுப்பு வரும்போதுதான் சிக்கல், எங்களோடு இருந்த பல குடும்பங்கள் அப்போது ஊட்டிக்கோ கோயம்புத்தூருக்கோ வீடு மாறிப் போனார்கள். அண்ணியிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஷிப்ட் உங்களுக்கு மட்டுமில்லை, வீட்டுக்கே ஷிப்ட்தான். அப்பா நைட் முடிந்து வந்து தூங்கும் நாட்களில் அம்மா குக்கர் வைக்க மாட்டார், விசிலுக்கு எழுந்துவிடுவார் என்று சட்டியில் வடித்த சோறுதான். ஜன்னலில் கறுப்புக் கம்பளி தொங்கும். மழை ராத்திரிகளில் அப்பா டூட்டியில் இருக்க அம்மா எங்களைக் கட்டிக்கொண்டு விழித்திருப்பார். அந்தத் தனிமையை யாரும் அவரிடம் கேட்டதில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

அம்மா விஷயத்தில் யோசியுங்கள். கெத்தை, மேலே இருக்கிற மஞ்சூர் அளவுக்குக் குளிராது, குளிர் பிரச்சினையில்லை. ஆனால் அவசரம் என்றால் முதலில் மஞ்சூர் ஏற வேண்டும், அங்கிருந்து ஊட்டி முப்பது கிலோமீட்டருக்கு மேல். கீழே முள்ளி, காரமடை வழியாகப் போகலாம் என்றால் அந்த ரோட்டில் யானைகள் நின்றால் பஸ்ஸே காத்துக்கிடக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியபோது எத்தனை இடத்தில் மண் சரிந்து ரோடு போனது என்று நினைத்துப் பாருங்கள். மாத்திரை, இன்சுலின் எப்போதும் இரண்டு மாதத்துக்குக் கையில் இருக்க வேண்டும்.

காடம்பாறை:
நண்பரே, நான் இருப்பது ஆனைமலையில், காடம்பாறை. 100 மெகாவாட் மெஷின் நாலு, எல்லாம் மலைக்குள்ளே. அதே மெஷின் சாயங்காலம் மின்சாரம் தரும், மின்சாரம் மிச்சமாக இருக்கும்போது திருப்பிச் சுற்றி மேல் ஆழியாறு தண்ணீரை மேலே ஏற்றும். உங்கள் பக்கமும் நாலு 125 மெகாவாட் மெஷினோடு குந்தா நீரேற்று நிலையம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், நாளைக்கு உங்களை அங்கே போட்டாலும் போடுவார்கள், அதனால் சொல்கிறேன். 2020 ஆகஸ்ட் 20 ராத்திரி ஸ்ரீசைலம் இடதுகரை நிலத்தடி மின்நிலையத்தில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். புகை வந்துவிட்டால் கண் தெரியாது. நிலத்தடியோ மேலேயோ, வெளியே போகும் வழியைக் கண்ணை மூடிக்கொண்டு நடக்கத் தெரிந்திருக்க வேண்டும், எமர்ஜென்சி கதவுக்கு முன்னால் யாராவது பழைய சாமானை அடுக்கினால் அன்றைக்கே சண்டை போட்டு எடுக்க வையுங்கள். அப்புறம் பேட்டரி ரூம். பேட்டரி தரும் டிசி மின்சாரம் போனால், கோளாறைக் கண்டு பிரேக்கரை விழவைக்கும் ரிலே வேலை செய்யாது, பிரேக்கர் விழாது. ஷிப்ட் ஏறியதும் டிசி வோல்டேஜை உங்கள் கண்ணால் பாருங்கள், முந்தின ஷிப்ட் எழுதியதைப் பார்த்துக் காப்பி அடிக்க வேண்டாம்.

ஈரோட்டுக்காரன்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மனைவியிடம் இதை அப்படியே படித்துக் காட்டினேன். அவளும் மகளும் என்னோடு வருகிறார்கள், அம்மா தங்கை வீட்டில் இருக்கட்டும் என்று பேசியிருக்கிறோம். அண்ணா, ஒன்று மட்டும். மழையில் செல்போன் டவர் போய்விட்டால் வெளியே பேச என்ன வழி?

சி ஷிப்ட்:
கண்ட்ரோல் ரூமில் பி.எல்.சி.சி. போன் இருக்கும் தம்பி. ஹை டென்ஷன் லைன் வழியாகவே பேச்சு போகும், டவர் போனாலும் அது பேசும். அதில் சப்ஸ்டேஷனைப் பிடித்து வீட்டுக்குத் தகவல் சொல்லச் சொல்லலாம், நாங்கள் எல்லோரும் அப்படிச் செய்ததுதான். தங்கையின் நம்பரை எழுதி அங்கே ஷிப்டில் இருப்பவர்களிடம் முதல் வாரமே கொடுத்து வை. மஞ்சூரில் கேஸ் கனெக்‌ஷன் மாற்றுவதையும் சேர்ந்த உடனே முடித்துவிடு, மழை தொடங்கிவிட்டால் சிலிண்டர் வண்டி வர நாளாகும்.