சிறுநீரக நோயாளிக்குப் புரத உணவு: எதை, எவ்வளவு?

கேள்வி:
என் தந்தைக்கு வயது 64, நீரிழிவு இல்லை. மூன்று மாதங்களுக்கு முன், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் 38 என்று வந்தது. புரதம் சிறுநீரகத்துக்கு ஆகாது என்று யாரோ சொன்னதை நம்பி, அன்று முதல் முட்டை, மீன், பருப்பு, தயிர் அனைத்தையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டார். 60 கிலோவாக இருந்த எடை இப்போது 56. மாடிப்படியில் பாதி ஏறியதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஆனால் இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் சற்றுக் குறைந்திருப்பதால், பத்தியம் பலிக்கிறது என்கிறார். எதைக் கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம்?

பதில் 1:
அந்த எண்ணைக் கண்டு மகிழ வேண்டாம். கிரியேட்டினின் தசையிலிருந்து உண்டாகும் கழிவு. தசை கரைந்தாலும், சமைத்த இறைச்சியை நிறுத்தினாலும், சிறுநீரகம் சிறிதும் தேறாமலேயே அது இறங்கிவிடும். தசையின் அளவை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி பரிசோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

டயாலிசிஸ் தொடங்காத, மூன்றாம் நிலை (இஜிஎஃப்ஆர் 38 இதில்தான் அடங்கும்) முதல் ஐந்தாம் நிலை வரையிலான நோயாளிகளுக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் என்பது சிறுநீரக நோய்க்கான உலகளாவிய வழிகாட்டுதல்களை வெளியிடும் கேடிகோ (KDIGO) அமைப்பின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல். தந்தையின் பழைய எடைக்கு அது 48 கிராம். இதைவிடக் குறைத்துக் கொடுப்பதும் உண்டு. ஆனால் அது வல்லுநரின் கண்காணிப்பில் செய்ய வேண்டியது, எடை இழந்து தளர்ந்தவருக்கு உகந்ததும் அன்று.

48 கிராம் புரதம் என்றால் 48 கிராம் இறைச்சி என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராமும், வேகவைத்த பருப்பு 100 கிராமில் 9 கிராமும், தோல் நீக்கிச் சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 30 கிராமும் புரதம் உண்டு. தானியத்திலிருந்து வருவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வயிறு நிறையச் சாப்பிடாவிட்டால் உடல் அந்தப் புரதத்தையே எரித்துவிடும்.

பதில் 2:
அளவோடு வகையையும் பாருங்கள். புரத உணவோடு பாஸ்பரஸும் வருகிறது; பழுதான சிறுநீரகத்தால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது. பருப்பில் உள்ள பாஸ்பரஸ் பெரும்பாலும் எளிதில் செரிக்காத ஃபைட்டேட் வடிவில் இருப்பதால், உடல் அதில் ஒரு பகுதியையே உறிஞ்சிக்கொள்கிறது. பதப்படுத்திய இறைச்சியில் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்போ ஏறக்குறைய முழுவதும் இரத்தத்தில் கலந்துவிடும். வெறும் கோழி என்று நினைத்து நான் வாங்கிய உறைந்த பொட்டலத்தின் பின்புறத்தில், பொடி எழுத்தில் 'சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட்' என்று இருந்தது!

முட்டையின் பாஸ்பரஸ் அநேகமாக மஞ்சள் கருவில்தான் இருக்கிறது; இரத்தத்தில் பாஸ்பரஸ் உயராதவர் அதற்காக மஞ்சள் கருவை ஒதுக்க வேண்டியதில்லை. பொட்டாசியம் உயர்ந்திருந்தால் மட்டும், பருப்பை ஊறவைத்த நீரையும் வேகவைத்த நீரையும் கொட்டிவிடுங்கள்.

பதில் 3:
இதைப் படிக்கும் டயாலிசிஸ் நோயாளிகள் 0.8 என்ற அளவை எடுத்துக்கொள்ள வேண்டாம். டயாலிசிஸின்போது அமினோ அமிலங்கள் வெளியேறுவதால், கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை தேவைப்படும். என் தாயார் டயாலிசிஸ் தொடங்கிய பின்னும் பழைய பத்தியத்தையே தொடர்ந்து, இரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதம் இறங்கிய பிறகுதான் எங்களுக்கு இது தெரிந்தது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அறிக்கையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். பாஸ்பரஸும் பொட்டாசியமும் இயல்பாகவே இருக்கின்றன. இன்று காலை அவித்த முட்டை ஒன்றைச் சாப்பிட ஒப்புக்கொண்டார். மஞ்சள் கருவை மட்டும் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, உணவியல் வல்லுநர் வாயால் கேட்ட பிறகே தொடுவேன் என்கிறார்.