பத்துப் பதினொரு வருஷம் பேசாத காலேஜ் ஆளுங்ககிட்ட வேலை விஷயமா எப்படிப் பேச்சை ஆரம்பிக்கிறது?

மூணாம்_பெஞ்ச்:
படிச்சு முடிச்சு 11 வருஷம். சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையிலிருந்து டேட்டா இன்ஜினியரிங் பக்கம் மாறணும். கூடப் படிச்சவங்க, சீனியர்கள்னு ஏழெட்டுப் பேர் அந்தத் துறையில இருக்காங்க. பாதிப் பேர்கிட்ட ஃபேர்வெல் அன்னிக்குப் பேசினதோட சரி. இப்போ போய் நின்னா காரியத்துக்கு வந்திருக்கான்னு நினைக்க மாட்டாங்களா? முதல்ல யாருக்கு எழுதறது? பதிலே வரலைன்னா? ப்ராஜெக்ட் கைடு பேராசிரியரையும் கேக்கலாமா?

கோடுபோட்ட_நோட்டு:
அந்தப் பயம் எழுதற பக்கம்தான் பெருசா இருக்கும். 2022-ல் வந்த உளவியல் ஆய்வு ஒண்ணு இதையே சோதிச்சுப் பார்த்தது. எதிர்பாராம ஒருத்தர் விசாரிச்சா மத்தவங்களுக்கு எவ்வளவு பிடிக்கும்னு விசாரிக்கிறவங்க குறைச்சேதான் கணிக்கிறாங்க.

யாருக்கு முதல்லன்னா, நெருங்கின நண்பன் பக்கம்தான் கை போகும். ஆனா அவனுக்குத் தெரிஞ்ச சேதி பெரும்பாலும் உங்களுக்கும் வந்திருக்கும். சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973 கட்டுரையில ஒரு கணக்குக் கொடுத்தார். தெரிஞ்சவர் மூலமா வேலை கிடைச்சவங்கள்ல, அந்தத் தெரிஞ்சவரை அடிக்கடி பார்த்துட்டிருந்தவங்க 16.7 சதவீதம்தான். எப்பவாவது பார்த்தவங்க 55.6, அபூர்வமா பார்த்தவங்க 27.8. (விசாரிச்சது 54 பேரைத்தான், எண்ணைத் தலையில தூக்கி வெச்சுக்க வேண்டாம்.) 2022-ல் லிங்க்ட்இன்ல 2 கோடிப் பேரை வெச்சு வெளிவந்த சோதனையும் அதே பக்கம்தான் சாய்ஞ்சது, ஒரு திருத்தத்தோட: ரொம்பவே மெலிசான தொடர்பு அவ்வளவா உதவலை, ஓரளவு மெலிசா இருக்கிறதுதான் அதிகம் உதவுச்சு. உங்க கணக்குக்கு மாத்திச் சொன்னா, முகம் மட்டும் தெரிஞ்ச ஆளை விட்டுடுங்க. லேப்ல பக்கத்து மேஜை, ப்ராஜெக்ட் டீம், ஹாஸ்டல்ல எதிர் ரூம், இவங்களைப் பிடிங்க.

வாரத்துக்கு ரெண்டு பேர் போதும். யாரோட உதவி ரொம்பத் தேவையோ அவரை மூணாவதா வெச்சுக்கோங்க, முதல் ரெண்டு மெசேஜ் எப்படியும் தடுமாறும். ஒரே வாசகத்தை எட்டுப் பேருக்கு அனுப்பாதீங்க. அவங்க எல்லாரும் ஒரே வாட்ஸாப் குரூப்ல இருந்தா அன்னிக்கு ராத்திரியே ஸ்கிரீன்ஷாட் சுத்தும்.

வெறும் "ஹாய், எப்படி இருக்க"ன்னு ஆரம்பிக்கிறதுதான் பெரிய தப்பு. மூணு நாள் குசலம் விசாரிச்சுட்டு நாலாவது நாள் ரெஸ்யூமை நீட்டினா, அந்த மூணு நாளும் நடிப்பாத் தெரியும். வந்த விஷயத்தை முதல் மெசேஜ்லயே சொல்லிடுங்க.

உள்ளே_வெளியே:
ரெஃபரலைப் பத்தி, அதாவது கம்பெனிக்குள்ள இருக்கிறவர் உங்களைச் சிபாரிசு பண்றதைப் பத்தி, யாரும் பேசலை. அதுல வரிசை முக்கியம். கம்பெனி கேரியர்ஸ் பக்கத்துல நீங்களே அப்ளை பண்ணிட்டு அப்புறம் நண்பர்கிட்ட போனா, உங்க இமெயில் ஏற்கனவே சிஸ்டத்துல ஏறியிருக்கும். நிறைய இடத்துல அதுக்கப்புறம் ரெஃபரல் ஒட்டாது, சிபாரிசு பண்ணினதுக்கான போனஸும் அவருக்குக் கிடைக்காது. முதல்ல கேளுங்க, அப்புறம் அப்ளை.

"ஏதாவது ஓப்பனிங் இருந்தா சொல்லு" மாதிரி உபயோகமில்லாத வாக்கியம் வேற இல்லை. தேடற வேலை முழுக்க அவர் தலையில விழுது. நீங்களே தேடி ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு வேலையைக் குறிச்சுக்கோங்க. ஜாப் ஐடி, லிங்க், உங்க பேரே ஃபைல் பேரா வெச்ச பிடிஎஃப் ரெஸ்யூம், இமெயில், போன் நம்பர், இவ்வளவும் ஒரே மெசேஜ்ல போகணும். கூடவே, அவர் அப்படியே படிவத்துல ஒட்டற மாதிரி உங்களைப் பத்தி மூணு வரி, "இவர்"னு படர்க்கையில. இதெல்லாம் அவர் சரின்னு சொன்னதுக்கு அப்புறம். முதல்ல "இந்த வேலைக்கு நான் பொருந்துவேனா, பார்த்துச் சொல்ல முடியுமா?"ன்னு மட்டும் கேளுங்க. முடியாதுன்னா சங்கடமில்லாம நழுவ அவருக்கு வழி வேணும்.

படிவத்துல "எப்படித் தெரியும்?"னு கேள்வி வரும். கூடப் படிச்சவர்னுதான் போடணும். கூட வேலை பார்த்ததாப் போடச் சொல்லி அவரை மாட்டிவிட்டுடாதீங்க.

பழைய_ரிப்போர்ட்:
பேராசிரியருக்கு எழுதும்போது உங்கள் பெயர் மட்டும் போதாது. வருடாவருடம் நூறு பேரைப் பார்ப்பவர். மெயில் தலைப்பிலேயே துறை, முடித்த ஆண்டு, ப்ராஜெக்ட் தலைப்பு மூன்றையும் போடுங்கள். பழைய காலேஜ் மெயிலிலிருந்து அனுப்ப நினைக்காதீர்கள், பல இடங்களில் படிப்பு முடிந்ததும் அதை மூடிவிடுவார்கள். 11 ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு துறை மாற அவருடைய பரிந்துரைக் கடிதம் பெரிதாக உதவாது. மேற்படிப்புக்கு என்றால்தான் அது தேவை, அதற்கும் மூன்று நான்கு வாரம் அவகாசம் கொடுக்க வேண்டும். நீங்கள் கேட்க வேண்டியது அறிமுகம்: டேட்டா துறைக்குப் போன மாணவர் ஒருவரிடம் உங்களைப் பற்றிச் சொல்ல முடியுமா என்று. அவர் அப்படியே ஃபார்வர்ட் செய்ய ஐந்து வரியைத் தனிப் பத்தியாக எழுதிக் கொடுங்கள். அந்த மாணவர் சம்மதித்த பிறகு நம்பர் வந்தால் போதும்.

ஆள் கிடைக்கவில்லை என்றால் லிங்க்ட்இன்னில் காலேஜ் பக்கத்துக்குள் அலம்னை (முன்னாள் மாணவர்கள்) பகுதி இருக்கிறது. ஆண்டு, கம்பெனி, வேலை வகை வைத்துச் சலிக்கலாம். இணைப்பு அழைப்போடு போகும் குறிப்பை 200 எழுத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதினால் "லி", "க்" எல்லாம் இரண்டு எழுத்தாகக் கணக்கில் ஏறும், இடம் சட்டென்று தீர்ந்துவிடும்.

மூணாம்_பெஞ்ச்:
லேப்ல கூட இருந்தவனுக்கு எழுதி வெச்சது இது. சரியா?
"ஹாய்டா, ஞாபகம் இருக்கா? வீட்ல எல்லாரும் நலமா? நான் டேட்டா பக்கம் மாறலாம்னு பார்க்கறேன். உன் கம்பெனில ஏதாவது இருக்கா? ரெஸ்யூம் அனுப்பவா? ஒரு நாள் பேசலாமா?"

கோடுபோட்ட_நோட்டு:
ஆறு வரியில அஞ்சு கேள்வி. எதுக்குப் பதில் சொல்றதுன்னு தெரியாம அப்புறம் பார்க்கலாம்னு மூடிடுவார், அந்த அப்புறம் வராது. "ஞாபகம் இருக்கா"ங்கறது அவருக்கு வைக்கிற பரீட்சை. ஞாபகப்படுத்த வேண்டியது நீங்க. இப்படி மாத்துங்க:

"டேய், எலக்ட்ரானிக்ஸ் லேப்ல உன் பக்கத்து மேஜை நான். ஐசியைத் தலைகீழா சொருகிப் புகை வரவெச்ச கோஷ்டி. நீ டெஸ்டிங்லேருந்து டேட்டா பக்கம் போனதை புரொஃபைல்ல பார்த்தேன், நானும் அதே மாற்றத்துக்கு முயற்சி பண்றேன். ஒரே கேள்வி: இன்டர்வியூல உனக்குக் கைகொடுத்தது எஸ்க்யூஎல்லா, பைத்தானா? நேரம் கிடைக்கும்போது ரெண்டு வரி போதும்."

பதில் வரலைன்னா 8, 10 நாள் கழிச்சு ஒரே ஒரு தடவை. அப்பவும் சத்தமில்லைன்னா ஆறு மாசத்துக்கு விட்டுடுங்க, ப்ளூ டிக்கைப் பார்த்து மனசைக் கெடுத்துக்காதீங்க. பதில் வந்தா அன்னிக்கே நன்றி. அதுக்கப்புறம்தான் பல பேர் கோட்டை விடறாங்க: மூணு நாலு வாரம் கழிச்சு "நீ சொன்னபடி எஸ்க்யூஎல்ல ஆரம்பிச்சேன், இவ்வளவு தூரம் வந்திருக்கேன்"னு ஒரு வரி போகணும். ரெஃபரல் கேக்கறதை அதுக்கு அடுத்த தடவை வெச்சுக்கோங்க.

மூணாம்_பெஞ்ச்:
சீனியருக்கும் இதேதானா?

கோடுபோட்ட_நோட்டு:
"டேய்"யை எடுத்துட்டு "அண்ணா" போடுங்க, பெண்ணா இருந்தா "அக்கா". புகை வந்த கதை உங்களுக்குள்ள நடந்தது, அவருக்குத் தெரியாது. அவர் நடத்தின டெக் ஃபெஸ்ட்ல நீங்க எந்த வேலை பார்த்தீங்கன்னு ஒரு வரி போடுங்க. கேள்வி அதேதான்.